மூச்சளவு

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் வாலுவும் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தை நீ விவரமாக எழுதினால்தான் உண்டு. போன கடிதத்தில் மூன்றே வரி. போனில் பேசலாம் என்றால் ஆபீசில் யாரோ பக்கத்தில் நிற்கிறார்கள் என்று "ம்", "சரி" போட்டு வைத்துவிடுகிறாய். உன் வாயைக் கிளறக் கடிதம்தான் வழி என்று முடிவு கட்டிவிட்டேன்.

என் பிழைப்பு அதே பேருந்து நிலையம், அதே மைக். வடக்கே போகிற வண்டிக்குப் பதினோரு ஊர். அத்தனையையும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறவள் என்று டிரைவர்களிடம் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை நம்பி ஒரு காரியம் செய்துவிட்டேன். பாட்டுக் குழுவில் சேர்ந்துவிட்டேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

குழுவை நடத்துகிறவர் கடைத்தெருத் தையற்காரர். கழுத்தில் கிடக்கும் அளவு நாடாவைக் கழற்றாமலே பாட்டுச் சொல்லிக் கொடுப்பார். வாசகசாலை மாடியில் ஞாயிறு மாலை கூடுகிறோம். புதிதாக யார் வந்தாலும் நிற்கவைத்து, "ஆ" என்று ஒரே சுரத்தை மூச்சு உள்ளவரை பிடிக்கச் சொல்லுவார். மர ஸ்கேலால் மேசையைத் தட்டி எண்ணுவார். எத்தனை தட்டு வந்ததோ அதைக் கடை அளவு நோட்டிலேயே எழுதிக்கொள்வார். ஆள், தெரு, தேதி, மார்பளவு, தோளளவு, கடைசியில் மூச்சளவு. மாதம் ஒருமுறை மறுபடி அளப்பார். எனக்கு இருபத்தேழு. நம் வாலுவுக்கு இந்தப் பதினோரு வயதில் இருபத்திரண்டு. உன் அத்தானுக்குப் பதினாறு. தனக்கு மட்டும் வேகமாகத் தட்டுகிறார் என்று இரண்டு நாளாகப் புலம்பல்.

குறை ஒன்றுதான். மொத்தமே பதினான்கு பேர், எல்லோரும் கடைத்தெருவுக்கு இந்தப் பக்கத்து ஆட்கள். கிழக்குத் தெருக்களில் இருந்து ஒரு ஈ காக்கை வருவதில்லை. வாசகசாலைக் கதவில் அறிவிப்பு ஒட்டிப் பார்த்தோம். தையற்காரர் போன வாரம் சொன்னார்: "நாம கூப்பிட்டா அவங்க ஏன் வரணும்? நமக்குத்தானே ஆள் வேணும், நாம போவோம்." எப்படிப் போவது என்பதுதான் இப்போது பேச்சு. உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.

வேளைக்குச் சாப்பிடு. வாலு உனக்கு ஒரு முத்தம் அனுப்பச் சொன்னாள், மீசையை எடுத்திருந்தால் மட்டும்.

உன் அக்கா


ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. விவரம் கேட்டாய். தலைவலி இல்லை, காய்ச்சல் இல்லை, நீல சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை. அத்தானுக்கும் வாலுவுக்கும் என் அன்பு. மீசை இருக்கிறது என்று அவளிடம் வருத்தத்துடன் சொல்.

நாள் முழுக்கக் கண்ணாடிக் குப்பிகளோடு குடித்தனம் செய்கிறேன். கம்பெனியின் எல்லா ஆலைகளில் இருந்தும் மாதா மாதம் சுவரோரக் காற்றைக் குப்பியில் அடைத்து அனுப்புகிறார்கள். அதில் ஆலை ஆவி எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்த்து, அளவுக்குள் இருந்தால் சான்றிதழில் கையெழுத்துப் போடுவது என் வேலை. உங்கள் ஊர் ஆலையின் குப்பியும் என் மேசைக்குத்தான் வரும். ஆறு நாள் பயணம் செய்து வந்த உங்கள் ஊர்க் காற்று. மூடியைத் திறந்தால் உன் மைக் சத்தம் கேட்குமோ என்று பயம்.

எங்கள் லேப் தலைவர் ஏப்ரலில் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு என் பெயரும் அடிபடுகிறது. ஒன்பது வருஷம் காத்திருந்தது. கைகூடினால் முதலில் உனக்குத்தான் எழுதுவேன்.

கிழக்குத் தெருக்காரர்கள் மாடி ஏறி வர மாட்டார்கள் அக்கா. ஷிப்ட் முடிந்து வருகிறவனுக்குப் படியே எதிரி. தெருமுனையில் போய் நின்று பாடுங்கள். கதவைத் தட்டி, "உங்க வீட்ல குளிக்கும்போது பாடுற ஆள் யாரு?" என்று கேளுங்கள். எல்லா வீட்டிலும் ஒருத்தர் இருப்பார்.

உன் தம்பி


பிப்ரவரி 24

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம், அதைவிட ஒரு படி மேல். நீ எப்படி இருக்கிறாய்? இந்தக் கடிதத்தோடு பொத்தான் நாலு வைத்திருக்கிறேன். தைக்கத் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டில் கெஞ்சு.

உன் யோசனை பலித்துவிட்டது. வாரம் ஒரு தெரு என்று கிழக்கே போகிறோம். முனையில் நின்று இரண்டு பாட்டு, பிறகு ஆளுக்கு நாலு கதவு. நீ சொன்ன கேள்வியையே கேட்கிறோம். கேட்டதும் உள்ளே இருந்து யாராவது சிரிக்கிறார்கள், அப்போதே ஆள் அகப்பட்டுவிடும். மூன்றாம் தெருவில் ஒரு லாரிக்காரர் வீடு. அவர் மனைவி ஈரக் கையோடு வந்து, "நான் பாடினா பாத்திரம்தான் கேக்கும்" என்றாள். வாசலிலேயே ஒரு "ஆ" பிடிக்கச் சொன்னோம். தையற்காரர் கதவு நிலையில் தட்டினார். முப்பத்துமூன்று. எங்கள் யாருக்கும் இல்லாத மூச்சு. ஆலைச் சங்கு மாதிரி நின்று ஒலிக்கிறது என்று அவளுக்குச் "சங்கு" என்றே பெயர் வைத்துவிட்டோம். வாலு அவளை ஒட்டிக்கொண்டு அலைகிறாள்.

இப்போது முப்பத்தொரு பேர். வாசகசாலை மாடியில் இடம் போதவில்லை. இங்கேதான் உங்கள் கம்பெனி கைகொடுத்தது. ஊரைப் பார்த்திருக்கிற ஆலை மேற்குச் சுவரை ஒட்டி ஒரு காலி மைதானம் இருக்கிறதே, அதை ஆலை மேலாளர் தானாக வந்து எங்களுக்குக் கொடுத்துவிட்டார். ஊர்க்காரர்களோடு நல்லுறவு வேண்டுமாம். அந்தச் சுவர் எவ்வளவு உயரம் தெரியுமா? எதிரே நின்று பாடிப் பார்த்தோம், நம் குரலை அப்படியே திருப்பித் தருகிறது. முப்பது பேர் அறுபது பேராகக் கேட்கிறோம். தையற்காரர் கண் கலங்கிவிட்டார். மார்ச் முதல் ஞாயிறு ஆரம்பம். என் தம்பியும் உங்கள் கம்பெனிதான் என்று மேலாளரிடம் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டேன்.

பதவி என்ன ஆயிற்று? எழுது.

உன் அக்கா


மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் மூவரும் எப்படி?

அவசரமாக எழுதுகிறேன். அந்த மைதானம் வேண்டாம். பள்ளிக்கூட மண்டபத்தைக் கேட்டுப் பாருங்கள். திறந்தவெளியில் பாடினால் தொண்டை கட்டும், தூசி வேறு. காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை, சும்மா தோன்றியது.

யாருக்காவது இருமல் இருக்கிறதா? வாலுவுக்கு? சும்மா நலம் என்று எழுதாமல் பார்த்து எழுது.

உன் தம்பி


மார்ச் 29

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். பார்த்துத்தான் எழுதுகிறேன். உன் அத்தானுக்கு வழக்கமான குறட்டை, எனக்கு வழக்கமான உன் கவலை. இருமல் லேசாக இருக்கிறது, இந்த மாதத்தில் யாருக்குத்தான் இல்லை? உனக்கு உடம்பு எப்படி?

ஐந்து வரிக் கடிதத்தில் தூசி, தொண்டை, மண்டபம். கல்யாணமாகாதவனுக்கு இவ்வளவு கவலை ஆகாது. பள்ளிக்கூட மண்டபத்தைக் கேட்டோம். பரீட்சை முடியும்வரை தர மாட்டார்களாம். தந்தாலும் அந்தச் சுவரை விட்டு வர எங்கள் ஆட்களுக்கு மனசு வராது. இப்போது நாற்பத்தாறு பேர். எட்டுத் தெருவில் இருந்து வருகிறார்கள். ஷிப்ட் முடிந்தவர்கள் உடை மாற்றாமலே வந்து நிற்கிறார்கள். முன்பு கடைத்தெருவில் பார்த்தால் முகம் கொடுக்காதவர்கள் இப்போது "என்னக்கா, மூச்சு எத்தனை?" என்று கேட்கிறார்கள்.

அதில்தான் ஒரு சங்கடம். இந்த மாத அளவில் எல்லோருக்கும் இறக்கம். எனக்கு இருபத்துமூன்று, வாலுவுக்குப் பத்தொன்பது, சங்குவுக்கு இருபத்தாறு. தையற்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆள் சேர்ந்ததும் சோம்பலும் சேந்துடுச்சு" என்கிறார். பாட்டுக்கு முன்னால் பத்து நிமிஷம் இருந்த மூச்சுப் பயிற்சியை அரைமணி ஆக்கிவிட்டார். சுவரைப் பார்த்து வரிசையாக நின்று, வயிறு வரை இழுத்து, நிறுத்தி, மெதுவாக விட வேண்டும். நாற்பத்தாறு பேரும் ஒன்றாக இழுப்பதைப் பார்க்கவே அழகு.

அந்தி நேரத்தில் அங்கே ஒரு வாசனை வருகிறது. கனிந்து கெடப்போகிற பழ வாசனை. பக்கத்தில் பழமரம் எதுவும் இல்லை. உங்கள் ஆலையில் என்னதான் செய்கிறார்கள்?

உன் அக்கா


ஏப்ரல் 24

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? உடனே பதில் போடுகிறவன் இப்போது ஒரு மாதமாக மௌனம். போன் செய்தால் வேலையாக இருக்கிறாய் என்கிறார்கள்.

வாலுவுக்கு இருமல் விடவில்லை. குழுவில் இருக்கிற நர்ஸம்மா சளி என்று மருந்து எழுதிக் கொடுத்தாள். நர்ஸம்மாவுக்கும் அதே இருமல்தான். நானும் வடக்கு வண்டிக்கு ஏழாவது ஊரில் நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறேன். டிரைவர்கள் கிண்டல் செய்கிறார்கள்.

பதவி கிடைக்காத வருத்தமா? கிடைக்காவிட்டால் போகிறது, எழுது.

உன் அக்கா


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

மன்னித்துக்கொள். உடம்பு நலம். பதவி கிடைத்துவிட்டது. இப்போது நான்தான் லேப் தலைவர். தனி அறை, மேசை மேல் கண்ணாடி. முதலில் உனக்கு எழுதுவதாகச் சொல்லியிருந்தேன், எழுத வரவில்லை.

எனக்காக மூன்று காரியம் செய். பள்ளிக்கூடம் லீவுதானே, வாலுவை இங்கே அனுப்பு. இரண்டு மாதம் என்னோடு இருக்கட்டும். உன் வீட்டுக் கிழக்கு ஜன்னல்களை மாலையில் இருந்து காலை வரை மூடி வை. மூச்சுப் பயிற்சிக்கு நீயும் அத்தானும் போகாதீர்கள், ஏதாவது சாக்குச் சொல்லுங்கள்.

ஏன் என்று கேட்காதே. நான் சொன்னதாகவும் யாரிடமும் சொல்லாதே. ஜூன் கடைசியில் எல்லாம் சரியாகிவிடும்.

உன் தம்பி


மே 20

அன்புள்ள தம்பிக்கு,

லேப் தலைவருக்கு அக்காவின் ஆசி. உன் அத்தான் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். இங்கே சுகத்துக்குக் குறை இருக்கிறது, கடைசியில் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். பொத்தான் தைக்கத் தெரியாதவன் பெண் குழந்தையை இரண்டு மாதம் எப்படிப் பார்த்துக்கொள்வாய்? அவளும் வர மாட்டேன் என்கிறாள். ஆலைப் பத்திரிகைக்கு எங்களைப் படம் எடுக்க வந்தார்கள், அவளை முன்வரிசையில் நடுவில் நிறுத்தினார்கள். ஆலை ஆண்டுவிழாவில் நாங்கள் பாடுகிறோம், அதில் அவளுக்குத் தனியாக இரண்டு வரி. ஜன்னலை மட்டும் நீ சொன்னபடி மூடிவைத்திருக்கிறேன், ஏன் என்று தெரியாமலே.

ஆனால் நீ இப்படிப் பூடகமாக எழுதியது மனசை அரித்துக்கொண்டே இருந்தது. சுவர்ப்பக்கம் ஏதாவது கோளாறோ என்று நேரே ஆலை மேலாளரிடமே கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கையைப் பிடிக்காத குறையாக வாசல் அறிவிப்புப் பலகைக்கு அழைத்துப் போனார். மாதா மாதம் ஒட்டுகிற சான்றிதழ். மேற்குச் சுவர், அளவுக்குள். கீழே உன் கையெழுத்து. மார்ச், ஏப்ரல், மே, மூன்றிலும். அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? ஒன்பதாம் வகுப்பில் மார்க் அட்டையில் அப்பா கையெழுத்தை நீயே போட்டுவிடு என்று பையன்கள் சொன்னதற்கு மூன்று நாள் அழுதவன் நீ. உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேனே என்று வெட்கமாக இருந்தது.

பயிற்சிக்கு வராமல் நின்றுபோனவர்கள் ஒன்பது வீடு. அன்று மாலையே எல்லா வீட்டுக்கும் போனேன். சங்கு படுத்திருந்தாள். "அந்தச் சுவர்கிட்ட வந்தா நெஞ்சு அடைக்குதுக்கா, வேணாம்" என்றாள். "பரிசோதனை பண்ணிக் கையெழுத்துப் போட்டது என் தம்பி. அவன் பொய் எழுத மாட்டான், எழுந்து வா" என்றேன். வந்துவிட்டாள். ஒன்பது வீடும் வந்துவிட்டது. இப்போது அறுபத்திரண்டு பேர்.

வாலுவுக்கு மூச்சளவு பதினான்கு. மாடிப்படி ஏறினால் நடுவில் உட்கார்ந்துவிடுகிறாள். பெரிய டாக்டரிடம் காட்டலாம் என்று இருக்கிறோம்.

உன் அக்கா


ஜூன் 1

அக்கா,

பத்திரிகையில் படம் பார்த்தேன். நன்றாக இருக்கிறது. ஆபீசில் எல்லோரும் பாராட்டினார்கள்.

வாலுவை உடனே அனுப்பு. அத்தானே கூட்டிக்கொண்டு வரட்டும். பேருந்து டிக்கெட் இரண்டு இதோடு வைத்திருக்கிறேன். விழா முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

என் கையெழுத்தைப் பற்றி வீடு வீடாகப் பேச வேண்டாம். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி


ஜூன் 18

அன்புள்ள மாமாவுக்கு,

வாலு எழுதுவது. நீங்க நலமா? நான் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். ஜன்னல் பக்கக் கட்டில். நீங்க அனுப்பிய டிக்கெட்டை அப்பா பத்திரமாக வைத்திருக்கிறார், ஆனால் அந்தத் தேதி போய்விட்டது.

மூக்கில் குழாய் வைத்திருக்கிறார்கள். அதனால் பேசக் கூடாது. எழுதலாம் என்று டாக்டர் சொன்னார். காலையில் ஒரு குழாய்க்குள் ஊதச் சொல்கிறார்கள், உள்ளே ஒரு பந்து மேலே போகும். எனக்குப் பாதி கூடப் போகவில்லை. தையற்காரத் தாத்தா பார்க்க வந்தார். அளவெடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நானாக விரலால் கட்டிலைத் தட்டிப் பார்த்தேன். ஒன்பது. நான் வேகமாகத் தட்டியிருக்கலாம்.

அம்மாவுக்குக் குரலே வரவில்லை. மைக் வேலைக்கு வேறு ஆள் வந்திருக்கிறார். அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து தாத்தாவின் அளவு நோட்டைப் பார்த்து வேறு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே இருக்கிறாள். தெருத் தெருவாகப் பிரித்து எழுதுகிறாள். சுவருக்குப் பக்கத்துத் தெரு முதலில். உங்கள் கடிதங்களையும் தேதிப்படி அடுக்கி வைத்திருக்கிறாள். என்ன அம்மா என்று எழுதிக் காட்டினால் ஒன்றுமில்லை என்று தலையாட்டுகிறாள். உங்களுக்கு அவள் எழுதவில்லை, அதனால்தான் நான் எழுதுகிறேன்.

சங்கு அத்தை இறந்துவிட்டார்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை. நர்ஸ்கள் பேசிக்கொண்டதைக் கேட்டேன். எனக்குத் தெரியும் என்று அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

மாமா, எங்கள் ஊர்க் குப்பி உங்களிடம் வரும் என்று அம்மா முன்பு சொல்லியிருக்கிறாள். அடுத்த தடவை வரும்போது நன்றாகப் பாருங்கள்.

உங்கள் வாலு


ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

குழந்தை எழுதிய கடிதம் வந்தது. இனி மழுப்ப எனக்குத் தெம்பு இல்லை.

மார்ச் மூன்றாம் தேதி உங்கள் ஊர்க் குப்பியைச் சோதித்தேன். மேற்குச் சுவர். இருக்கவேண்டியதைப் போல ஐந்து மடங்கு. நீ மைதானம் கிடைத்ததென்று எழுதிய கடிதம் அப்போது என் சட்டைப்பையில் இருந்தது. தலைவரிடம் ஓடினேன். "குப்பி சரியா மூடியிருக்காது. வேற வரும், அதைப் பாரு" என்றார். உங்கள் ஊரில் இருந்து குப்பி வர ஆறு நாள் ஆகும் அக்கா. வேறு குப்பி மறுநாள் காலையிலேயே என் மேசை மேல் இருந்தது. அதில் சுத்தமான காற்று. அது எங்கே அடைத்தது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். கையெழுத்துப் போட்டேன். ஏப்ரலிலும் அப்படியே வந்தது, போட்டேன். மே மாதம் நானே தலைவர். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. அன்றும் போட்டேன்.

பூமிக்கடியில் ஒரு தொட்டி கசிகிறது. ஜூன் கடைசியில் ஆலையை நிறுத்திப் பழுது பார்ப்பதாக இருந்தார்கள். நான்கு மாதம்தானே, அதுவரை உங்கள் மூன்று பேரைத் தள்ளி வைத்துவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டேன். அதனால்தான் ஜன்னல், லீவு, டிக்கெட் எல்லாம். நீ வீடு வீடாகப் போய் என் கையெழுத்தைச் சொல்லுவாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உன்னை எனக்குத் தெரியும், தோன்றியிருக்க வேண்டும்.

வாலுவை எங்கே வேண்டுமானாலும் காட்டலாம், எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை மட்டும் யாரிடமும் காட்டாதே. படித்ததும் கிழித்துவிடு. என்னை உள்ளே தள்ளிவிடுவார்கள். எனக்கு நீ ஒருத்திதான் இருக்கிறாய்.

தம்பி


ஜூலை 20

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கிழிக்கவில்லை.

வாலு வீட்டுக்கு வந்துவிட்டாள். மூச்சளவு பதினொன்று. இதற்கு மேல் ஏறாது என்று பெரிய டாக்டர் அவளை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார். ஓடக் கூடாது, படி ஏறக் கூடாது, இனி எப்போதும். நான் மெதுவாகப் பேசினால் குரல் வருகிறது.

உன்மேல் எனக்கு எப்படிக் கோபம் வராமல் இருக்கும்? அம்மா போனபின் உனக்குத் தலைவாரிவிட்டவள் நான். ஆனால் நீ பொய்க் கையெழுத்துப் போட்டதைவிட என்னை அதிகம் எரிக்கிறது உன் அன்புதான். மே மாதம் ஜன்னலை மூடு என்று எழுதினாய். எனக்கு மட்டும் எழுதினாய். என் வீட்டில் கிழக்கு ஜன்னல் இரண்டே இரண்டு. அதற்கும் சுவருக்கும் நடுவில் எட்டுத் தெரு இருக்கிறது. அந்த எட்டுத் தெருக் கதவுகளையும் எப்படித் தட்டுவது என்று சொல்லிக் கொடுத்தவனும் நீதான்.

கடிதம் வந்த ஞாயிற்றுக்கிழமை குழுவை வாசகசாலை மாடிக்கு வரச் சொன்னேன். முப்பது பேரால்தான் ஏற முடிந்தது. மற்றவர்கள் கீழே நின்றார்கள். நான் வாசித்தால் பாதியில் நின்றுவிடும் என்று நர்ஸம்மாவும் உன் அத்தானும் மாற்றி மாற்றி வாசித்தார்கள். அரைமணி இழுக்கச் சொன்னவர் தையற்காரர். மறுநாள் கடை திறக்கவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் வந்து அளவு நோட்டை என் கையில் கொடுத்து, "இதைப் பாக்கப் பாக்கத் தாங்கலம்மா, நீயே வெச்சுக்க" என்றார்.

பிறகு ஒவ்வொரு தெருவாகப் போனோம். பாடவில்லை. உன் கடிதத்தைக் கதவுக்குக் கதவு வாசித்தோம். நான் போய் எழுப்பிக் கூட்டி வந்த ஒன்பது வீட்டுக்கும் நான் தனியாகப் போனேன். லாரிக்காரர் வாசலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு, "அவ வரமாட்டேன்னு தானே படுத்துக்கிட்டா" என்றார். நான் வெகுநேரம் அங்கேயே நின்றேன், உள்ளே வா என்று அவர் கூப்பிடவில்லை.

அடுத்த மாதம் ஐந்தாம் தேதி அரசாங்க விசாரணை. தெருவாரியான மூச்சளவுக் கணக்கைக் கொடுத்துவிட்டேன். சுவரை நெருங்க நெருங்க எண் எப்படிக் கீழே போகிறது என்று அதிகாரி விரல் வைத்துப் பார்த்தார். உன் கடிதங்கள் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன், ஜன்னல் கடிதம் உட்பட. கம்பெனி வக்கீல் அவை உன் எழுத்தே இல்லை என்று சொல்லப்போவதாகக் கேள்வி. நீ வந்து உன் வாயால் சொல்லிவிட்டால் நல்லது. வராவிட்டால் நான் சொல்லியாக வேண்டும்.

கூட்டத்தில் எட்டுத் தெருக்காரர்களும் இருப்பார்கள். கையெழுத்துப் போட்டவரை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று முதல் கேள்வியே என்னைத்தான் கேட்பார்கள். என் கூடப்பிறந்த தம்பி என்று சொல்லுவேன். அதைச் சொல்லாமல் மறைக்க எனக்கு வராது.

அக்கா